பன்காவ், 1971: அகதி முகாமில் காலராவும் குழந்தைகளும்

1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மேற்கு வங்கத்தில் தங்கினர். ஜெசோர் சாலை வழியே வந்தவர்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் முதலில் எதிர்ப்பட்ட ஊர்களில் ஒன்று பன்காவ். மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய கொட்டகைகள் போதாமல் பள்ளிக்கூடங்களிலும் சாலை ஓரங்களிலும் மக்கள் தங்கினர். கல்கத்தாவையொட்டிய சால்ட் லேக்கில், நிலத்தில் புதைப்பதற்காகக் கொண்டுவந்து போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள்ளேயே குடும்பங்கள் குடியிருந்தன. பல நாள் நடந்து வந்த களைப்பு, பட்டினி, கழிப்பிடமின்மை, மழையில் ஊறிய நிலம், கலங்கிய குடிநீர் எல்லாம் சேர்ந்த இடத்தில் காலரா பரவியதில் வியப்பில்லை.

அந்தப் பன்காவ் மருத்துவமனையில் அவ்வாண்டு ஜூன் இறுதியிலிருந்து சில வாரங்கள் நடந்த சிகிச்சையையும், அதை நடத்தியவர்களே பதிவு செய்து 1973-இல் வெளியிட்ட ஆய்வையும் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்து குடிக்கக் கொடுக்கும் வாய்வழிக் கரைசல் உயிர் காக்கும் என்பதைக் காட்டிய நிகழ்வாகவே பன்காவ் பெரும்பாலும் பேசப்படுகிறது. என் பார்வையில் அது பாதி உண்மைதான். கரைசல் வேலை செய்யும் என்பது அதற்கு மூன்றாண்டுகள் முன்பே தெரிந்திருந்தது. அதை யார் கையில் கொடுக்கலாம், குறிப்பாக ஒரு குழந்தையின் சிகிச்சையை எந்த மருத்துவப் பயிற்சியும் இல்லாத அதன் தாயிடம் ஒப்படைக்கலாமா என்பதுதான் தெரியாமல் இருந்தது. பேரிடரில் செய்யப்படும் மருத்துவ ஆய்வுக்குப் பன்காவ் தரும் பாடம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

நோய் குழந்தையை எப்படித் தாக்குகிறது

காலராக் கிருமி சிறுகுடலின் சுவரைத் துளைப்பதில்லை. அதன் நஞ்சு குடல் உயிரணுக்களைத் தூண்டி, உடலில் உள்ள உப்பையும் நீரையும் ஓயாமல் குடலுக்குள் வடியவிடுகிறது. கடுமையாகத் தாக்கப்பட்ட பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கக்கூடும். அரிசி கழுவிய நீரைப் போல வெளியேறும் அந்தக் கழிச்சலில் போவது பெரும்பாலும் இரத்த ஓட்டத்திலிருந்து வந்த நீர்தான். மரணம் நேர்வது கிருமியால் அன்று, வற்றிப்போவதால்.

குழந்தைக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. பத்துக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த அளவே கடுமையான நீரிழப்பின் எல்லை. கண்கள் குழிவிழும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் அடங்கும், கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கும், அழுதால் கண்ணீர் வராது, பிறகு அழவும் திராணி இருக்காது. நாடி பிடிபடாத நிலைக்கு வந்த குழந்தையின் சிரைகள் சுருங்கிவிடுவதால், பயிற்சி பெற்ற கைக்கும் ஊசி ஏற்றுவது அந்த நேரத்தில்தான் மிகக் கடினமாக இருக்கும். சலைன் (சிரைவழியாக ஏற்றும் உப்புநீர்) மிக அவசரமாகத் தேவைப்படும் குழந்தைக்கே அதை ஏற்றுவது மிகக் கடினம் என்பது இந்த நோயின் கொடிய முரண்களில் ஒன்று.

அதுவரை தெரிந்திருந்தவை

கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துக் குணப்படுத்தியதை 1953-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். அது உரிய கவனத்தைப் பெறவில்லை. நீரிழப்பை அளந்து காட்டும் விவரங்களும் ஒப்பீட்டுக் குழுவும் அதில் இல்லை என்பது ஒரு காரணம். 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன், குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றையொன்று இணைத்துக்கொண்டே உள்ளே செல்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். காலராவில் மற்ற வழிகள் பாதிக்கப்பட்டாலும் இந்த வழி அடைபடுவதில்லை. குளுக்கோஸ் நுழையும்போது சோடியமும், அதன் பின்னே நீரும் உள்ளே போகின்றன. சர்க்கரை அளவு மீறினால் பயன் கெட்டு, நீர் எதிர்த்திசையில் குடலுக்குள் இழுக்கப்படும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் அளவு முக்கியம்.

அளவு தவறினால் என்னவாகும் என்பதற்கும் கசப்பான முன்னனுபவம் இருந்தது. 1962-இல் மணிலாவில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஃபிலிப்ஸ் நடத்திய வாய்வழிக் கரைசல் முயற்சியில் சோடியம் மிகுதியாக இருந்தது. நோயாளிகள் சிலர் இறந்தார்கள். அதன்பின் அவரே இந்த முறையைப் பற்றி மிகவும் எச்சரிக்கையாக இருந்தார். 1968-இல் டாக்காவில் அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும், கழிச்சலாக வெளியேறும் அளவை அளந்து அதே அளவு கரைசலை உள்ளே கொடுத்தால், சிரைவழியாக ஏற்ற வேண்டிய நீரின் தேவை சுமார் 80 விழுக்காடு குறைவதைக் காட்டினார்கள். கல்கத்தாவிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் இதே திசையில் உழைத்துவந்தது. ஆனால் டாக்காவின் அந்த முதல் ஆய்வு பெரியவர்களிடம் செய்யப்பட்டது. மணிக்கு மணி அளந்து எழுதும் செவிலியர், இரத்தப் பரிசோதனைக் கூடம், தேவைப்பட்டால் உடனே சலைன் ஏற்றும் வசதி எல்லாம் அங்கே இருந்தன. இவை எதுவும் இல்லாத கொட்டகையில் இந்த முறை நிற்குமா என்பதற்கு விடை இல்லை. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையின் குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று கற்றுவந்த குழந்தை மருத்துவர்கள் அன்று உலகெங்கும் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

முடிவு எடுக்கப்பட்ட விதம்

பன்காவுக்குச் சென்ற குழுவின் தலைவர் திலீப் மஹலனாபிஸ். கிழக்கு வங்கத்தின் கிஷோர்கஞ்சில் 1934-இல் பிறந்தவர்; கல்கத்தாவிலும் பின்னர் பிரிட்டனிலும் படித்துக் குழந்தை மருத்துவரானவர்; கல்கத்தா ஆய்வு மையத்தில் வாய்வழிக் கரைசலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். மருத்துவமனையின் இரண்டு அறைகளில், தரையில், கடுமையான காலரா நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்ததையும், சலைன் ஏற்ற வேண்டுமானால் கழிச்சலிலும் வாந்தியிலும் முழங்காலிட்டுத்தான் ஆக வேண்டும் என்றிருந்ததையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சலைன் ஏற்றப் பயிற்சி பெற்றவர்கள் அவருடைய குழுவில் இருவர் மட்டுமே. வந்து 48 மணி நேரத்துக்குள், காலராவுடனான இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது.

அவர் முன் இருந்த வழிகளில் எதுவும் பழியற்றது அன்று. இருக்கிற சலைனை முதலில் வருபவர்களுக்குக் கொடுத்துத் தீர்க்கலாம், மற்றவர்கள் இறப்பார்கள். அல்லது, சோதிக்கப்படாத சூழலில் ஒரு முறையை ஆயிரக்கணக்கானோரிடம், அவர்களில் ஏராளமான குழந்தைகளிடம், கொண்டுசெல்லலாம். மணிலாவில் நடந்தது மீண்டும் நடக்கக்கூடும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். சலைன் முற்றிலும் கைவிடப்படவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலையில், குடிக்க முடியாமல் வந்தவர்களுக்கு மட்டும் அது ஒதுக்கப்பட்டது. நாடி திரும்பிக் குடிக்கும் நிலை வந்ததும் அவர்களும் கரைசலுக்கு மாற்றப்பட்டார்கள்.

கரைசலின் அமைப்பு மிக எளியது. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. ஆக மொத்தம் 28 கிராம். கல்கத்தாவில் ஆய்வு மையத்தின் நூலக அறையே தயாரிப்புக் கூடமாயிற்று. ஒருவர் நிறுத்துப் போட, இன்னொருவர் பிளாஸ்டிக் பையில் நிரப்ப, வேறொருவர் சூடான இஸ்திரிப் பெட்டியால் பையின் வாயை ஒட்ட, எப்படிக் கலப்பது என்ற குறிப்புச்சீட்டுடன் பொட்டலங்கள் பன்காவுக்குப் போயின. லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. ஆயிரம் லிட்டருக்கான தூள் 28 கிலோதான், ஓர் ஆள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்விடலாம். அதே ஆயிரம் லிட்டரைச் சலைனாகக் கொண்டுபோக ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமை வேண்டும். மழையில் சாலைகள் கெட்டிருந்த நாட்களில் இந்த வேறுபாடு எத்தனை பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

முகாமில் தூளை நீரில் கலந்து குழாய் வைத்த பீப்பாய்களில் ஊற்றி வைத்தார்கள். உறவினர்கள் குவளையுடன் வந்து பிடித்துச் சென்று நோயாளிக்குக் கொடுத்தார்கள். சலைன் என்றால் உயிர் காப்பது என்று மக்கள் நம்பியதால், இதற்கும் வாய்வழிச் சலைன் என்றே பெயர் சொல்லப்பட்டது. குழந்தையென்றால் தாயோ பாட்டியோ மூத்த சகோதரியோ மடியில் கிடத்திச் சிறுகச் சிறுக ஊட்டினார்கள். வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாமல், சற்றுப் பொறுத்து, முன்னிலும் மெதுவாக மறுபடி கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சையின் நுட்பம். இன்றைய வழிகாட்டுதல்களும் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுக்கவே சொல்கின்றன. ஒரு குழந்தைக்குச் சில மணி நேரம் இப்படித் தொடர்ந்து ஊட்ட எந்த மருத்துவமனையிலும் செவிலியருக்கு நேரம் இருக்காது. அந்த முகாமில் ஏராளமாக இருந்தது குழந்தையை விட்டு அகலாத அன்னையரின் நேரம் ஒன்றுதான். அந்த நேரத்தைச் சிகிச்சையாக மாற்றியதே மஹலனாபிஸ் குழுவின் கண்டுபிடிப்பு என்று நான் கருதுகிறேன்.

குழந்தையின் தாகமே அளவுகோலாகவும் பயன்பட்டது. நீர் வற்றிய குழந்தை கரைசலை ஆவலுடன் குடிக்கும். இழப்பு ஈடாகிவிட்டால் தானே முகம் திருப்பும். அளவுக்குவளையும் பதிவேடும் இல்லாத இடத்தில் இந்த இயற்கையான அறிகுறி ஓரளவு காப்பாக அமைந்தது. மிகச் சிறிய கைக்குழந்தைகள் தண்ணீர் வேண்டுமென்று தனியே கேட்க முடியாதவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்தக் காப்பு முழுமையானது அன்று.

எண்களை எப்படிப் படிப்பது

குழு 3,700க்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. அவர்களில் இறந்தவர்கள் 3.6 விழுக்காட்டினர். இந்த முறை வருவதற்கு முன் முகாம்களில் காலரா நோயாளிகளிடையே இறப்பு 30 விழுக்காட்டை எட்டியிருந்தது. இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

கவனமான வாசகர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். இது ஒரே நேரத்தில் இரு குழுக்களை ஒப்பிட்ட ஆய்வு அன்று. முன்பிருந்த நிலையோடு பின்பு வந்த நிலையை ஒப்பிட்டது. ஒரு தொற்று தணியும் காலத்தில் நோயின் கடுமையும் குறையக்கூடும். நல்ல சிகிச்சை கிடைக்கிறது என்ற செய்தி பரவினால் மக்கள் முன்கூட்டியே வரக்கூடும். வழியிலேயே இறந்தவர்கள் இரண்டு கணக்கிலும் வரமாட்டார்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் காலராக் கிருமி உறுதி செய்யப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. இந்தக் குறைகளை எல்லாம் கழித்துப் பார்த்தாலும் 30க்கும் 3.6க்கும் இடையிலுள்ள பள்ளத்தை அவை நிரப்பிவிடும் என்று சொல்ல முடியாது. நூறு நோயாளிகளுக்குக் குறைவான ஒரு முயற்சியில் இந்த வேறுபாடு தோன்றியிருந்தால் ஐயப்படலாம். ஆயிரக்கணக்கானோரிடம், பயிற்சியற்ற கைகளால் கொடுக்கப்பட்ட சிகிச்சையில் தோன்றிய வேறுபாடு இது.

ஒப்பீட்டுக் குழு வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பன்காவில் அது அறமாகியிருக்காது என்பதே என் முடிவு. கரைசல் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று ஏற்கனவே இருந்தது, சலைன் எல்லோருக்கும் போதாது என்பதும் கண்முன் இருந்தது. அப்படியிருக்க, கரைசல் பெறாத ஒரு குழு என்றால் இறக்க விடப்பட்ட குழு என்றுதான் பொருள். ஆனால் இதை வைத்து, அவசரநிலையில் குழந்தைகளிடம் ஒப்பீட்டு ஆய்வே கூடாது என்று பொது விதி செய்துவிடக் கூடாது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில், கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் கொண்டு வந்த 3,141 குழந்தைகளிடம், சிரைவழியாக வேகமாக நீர் ஏற்றும் வழக்கமான முறை சோதிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் அதில் சேர்க்கப்படவில்லை. அப்படி நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 விழுக்காடு, ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காடு. எல்லோரும் நன்மை என்று நம்பிய ஒன்று குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அது வெளியே தெரிந்திருக்கவே முடியாது. ஆகவே, நம் கையில் உள்ள சான்று எதைப் பற்றியது, எந்த நோயாளியைப் பற்றியது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஒப்பீடு தேவையா என்று தீர்மானிக்க வேண்டும்.

கரைசலின் குறைகளும் பின்வந்த திருத்தங்களும்

பன்காவ் கரைசலில் பொட்டாசியம் இல்லை. கழிச்சலில் பொட்டாசியமும் போகிறது. ஊட்டக்குறைவுள்ள குழந்தையிடம் அது ஏற்கனவே குறைவாக இருக்கும். மேலும் குறைந்தால் தசைகள் தளரும், வயிறு உப்பும், இதயத் துடிப்பு தடுமாறும். எந்தக் கடையிலும் கிடைக்கும் மூன்று பொருள்களைக் கொண்டு உடனே செய்ய முடிந்தது இந்தக் கரைசலின் வலிமை. அந்த எளிமைக்குக் கொடுத்த விலை இது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1975-இல் ஏற்றுக்கொண்ட பொதுக் கரைசலில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டது. உப்பு, சோடா, குளுக்கோஸ் மூன்றின் அளவுகளும் பன்காவில் இருந்ததற்கு ஏறத்தாழ ஒப்பாகவே இருந்தன.

இன்னொரு கேள்வி நெடுங்காலம் நீடித்தது. அந்தப் பொதுக் கரைசலில் இருந்த, லிட்டருக்கு 90 மில்லிமோல் (கரைந்த பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) சோடியம் காலராவுக்குப் பொருந்தும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குகளில் பெரும்பாலானவை காலரா அல்ல. ரோட்டா வைரஸ் போன்றவற்றில் சோடிய இழப்பு அதைவிட மிகக் குறைவு. அந்தக் குழந்தைகளுக்கு இந்தக் கரைசல் உப்பு மிகுந்ததாகிவிடாதா என்று குழந்தை மருத்துவர்கள் கவலைப்பட்டது நியாயமே. பல நாடுகளில் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளுக்குப் பின், 2002-இல் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோலாகக் குறைக்கப்பட்டன. இதனால் இடையில் சலைன் ஏற்ற வேண்டிவரும் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இன்று நம் ஊர் துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இந்தத் திருத்தப்பட்ட அமைப்பைக் கொண்டதுதான். 2004-இல் துத்தநாக மாத்திரையும் சேர்ந்தது. பேதி தொடங்கியதிலிருந்து 10 முதல் 14 நாள் வரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம். ஆக, பேரிடரில் எடுத்த முடிவை, நிதானமான காலத்தில் குழந்தைகளுக்கென்றே செய்த ஆய்வுகள் சரிசெய்ய முப்பது ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. முகாமில் கொடுத்த சிகிச்சையின் கேள்விகளை, முகாம் கலைந்த மறுநாளே எடுத்துக்கொண்டு ஆராய ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அது குறைந்திருக்கும்.

பரவிய விதத்தில் வேகம் இருந்தது. கலக்கும் முறையை விளக்கும் துண்டறிக்கைகள் எல்லையோரம் வழங்கப்பட்டன. விடுதலைப் போராட்டத்துக்கு ஆதரவாக இரகசியமாக இயங்கிய வங்கதேச வானொலியும் அதை ஒலிபரப்பியது. உலக சுகாதார நிறுவனத்தில் பாக்டீரியா நோய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த திமான் பருவா முகாமை நேரில் கண்டு, இந்த முறைக்காக நிறுவனத்துக்குள் உறுதியாக வாதாடினார். 1978-இல் லான்செட் தலையங்கம் இதை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்று எழுதியது. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் அள்ளும் உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) நீரில் கலக்கத் தாய்மார்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளை அவர்கள் எட்டினார்கள். மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். 2023-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது.

கோமா நகர், 1994

பன்காவுக்குப் பிறகு இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1994 ஜூலையில், ருவாண்டாவிலிருந்து எல்லை தாண்டிச் சயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரை ஒட்டிய பகுதிகளில் குவிந்த அகதிகளிடையே காலரா வெடித்தது. முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். காலராவும் அதையடுத்து வந்த சீதபேதியும் பெரும்பங்கு வகித்தன. பன்காவில் இல்லாத பலவும் கோமாவில் இருந்தன. உலக அமைப்புகள் வந்திருந்தன, ஓ.ஆர்.எஸ். உலகம் முழுதும் அறிந்த மருந்தாகியிருந்தது, வழிகாட்டுதல்கள் அச்சாகியிருந்தன. அப்படியும் சிகிச்சை மையங்களுக்கு வந்து சேர்ந்தவர்களே இறந்துகொண்டிருந்தார்கள்.

டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்திலிருந்து கோமாவுக்குச் சென்ற குழு அதற்கான காரணங்களை ஆராய்ந்து மறு ஆண்டு லான்செட்டில் எழுதியது. நீரிழப்பு மிக மெதுவாக ஈடுசெய்யப்பட்டது, சிரைவழியே பொருத்தமற்ற நீர்கள் ஏற்றப்பட்டன, வாய்வழிக் கரைசல் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை, ஊழியர்களுக்குக் கடுமையான காலராவைக் கையாண்ட அனுபவம் இல்லை என்று அது கண்டது. இவற்றில் எதுவும் புதிய அறிவு இல்லாமையால் நேர்ந்தது அன்று. பன்காவ் ஆய்விலிருந்து மருந்தின் செய்முறை உலகெங்கும் சென்று சேர்ந்திருந்தது. கொட்டகையில் எந்த நோயாளிக்கு முதலில் சலைன், எப்போது கரைசலுக்கு மாற்றுவது, உறவினரின் கையில் குவளையை எப்படிக் கொடுப்பது, இரவில் யார் பார்ப்பது என்ற செயல்முறை அதே அளவு சென்று சேரவில்லை. காலரா முகாம்களுக்கு இன்று தயாரிக்கப்படும் பயிற்சிகளில் நோயாளி நுழையும் வாயிலிலேயே நீரிழப்பின் அளவைக் கண்டு பிரிப்பதும், கரைசல் குடிக்கும் இடத்தைத் தனியே அமைப்பதும், குழந்தையுடன் வந்தவருக்கு முதல் கரண்டியை ஊட்டிக்காட்டிய பிறகே ஊழியர் அடுத்தவரிடம் செல்வதும் சேர்க்கப்பட வேண்டியவை.